ஓர்க் குழந்தைகளும் ஒன்பது கட்டங்களும்
பாத்திரமேற்பு விளையாட்டுகளின் மெய்ப்பொருளியல் குறித்து

மேசையைச் சுற்றி ஐந்து பேர். நாலு பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம்: ஒரு வாள்வீரன், ஒரு மந்திரவாதி, ஒரு திருடன், கடவுள் பெயரால் சத்தியம் செய்துகொண்ட ஒரு புனித வீரன். ஐந்தாமவர்தான் உலகம். மலை, மழை, சத்திரக்காரன், எதிரி எல்லாம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். அவர் கையில் ஒரு விதிநூல், எல்லோர் கையிலும் பகடை. பாத்திரங்கள் ஒரு குகைக்குள் போகிறார்கள். அங்கே வாழும் ஓர்க் என்ற இனத்தின் வீரர்களைக் கொன்று முடிக்கிறார்கள். கடைசி அறையில் பெண்களும் குழந்தைகளும் பதுங்கியிருக்கிறார்கள். 'இவங்களை என்ன செய்யறது?' என்கிறான் திருடன்.

புனித வீரனுக்கு ஒரு சக்தி உண்டு. 60 அடிக்குள் தீமை இருந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் அந்தச் சக்தியைப் பிரயோகிக்கிறான். 'தெரிகிறது' என்கிறார் உலகம். அதற்கப்புறம் அங்கே பேச என்ன இருக்கிறது?

காட்சியை நான்தான் கோர்த்தேன் என்றாலும் சரக்கு என்னுடையது அல்ல. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காகக் கேரி கைகாக்ஸ் எழுதி 1979-80 வாக்கில் வெளியான 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசப் பிரதி, தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்தே விற்கப்பட்டதால் பெருவாரியான ஆட்டக்காரர்களின் முதல் பிரதியாக இருந்தது. அதில் பல குகைகளில் சண்டையிடாத பெண்கள் இத்தனை பேர், குட்டிகள் இத்தனை என்று எண்ணிக்கை சுத்தமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கணக்கைக் கொடுத்துவிட்டுப் பிரதி அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. அந்த மௌனத்தைத்தான் இந்தக் கட்டுரை தொட்டுப் பார்க்க விரும்புகிறது.

மெட்டாபிசிக்ஸ் என்ற சொல் இடதுசாரி மொழிபெயர்ப்புகள் வழியாக நமக்கு 'இயக்க மறுப்பியல்' என்று வந்து சேர்ந்தது. பெயர் வைக்கும்போதே திட்டித்தான் வைத்தோம். இங்கே நான் சொல்வது அதை அல்ல. எது உண்டு எது இல்லை, செத்தபின் என்ன, கடவுள் பதில் சொல்வாரா மாட்டாரா, நல்லது என்பது ஒரு மதிப்பீடா அல்லது உப்பு, கந்தகம் மாதிரி ஒரு பொருளா என்பனவற்றைத் தீர்மானிக்கிற தளத்தையே மெய்ப்பொருளியல் என்கிறேன். ஒரு நாவலாசிரியன் இவற்றைத் தீர்மானிக்காமலே ஐந்நூறு பக்கம் எழுதிவிட முடியும். கதைசொல்லி நம்பத்தகாதவனாக இருக்கலாம், பேய் வந்ததா மனப்பிராந்தியா என்று வாசகனைத் தொங்கலில் விடலாம். விளையாட்டின் விதிநூலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது இலக்கியம் அல்ல, இலக்கணம். 'இந்த மந்திரம் தீயவர்களை மட்டும் தாக்கும்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், யார் தீயவர் என்பதற்கு அந்த உலகத்தில் பட்டியல் இருந்தாக வேண்டும். நமது உலகில் ஒருவன் 'அந்தக் குழந்தையிடம் தீமையைக் காண்கிறேன்' என்று சொன்னால் நீ யார், எந்த ஊர், எந்தச் சாதி, உனக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். குகைக்குள் அது வெப்பமானி காட்டும் அளவு. கேள்வி கேட்கிறவன்தான் அங்கே பைத்தியக்காரன்.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் வேடிக்கையாக இருக்கிறது. வேதாந்தமும் இல்லை, விவிலியமும் இல்லை. ஈய பொம்மை வீரர்கள். 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு. அதன் பின்னிணைப்பில் கற்பனைப் பிராணிகளைக் களத்தில் இறக்கும்போது எந்தப் பிராணி எந்தப் பக்கம் நிற்கும் என்று பிரிக்க வேண்டி வந்தது. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்று வரிசை போட்டார்கள். சொற்கள் இரவல். பவுல் ஆண்டர்சனின் 'திரீ ஹார்ட்ஸ் அண்ட் திரீ லயன்ஸ்' (1961), மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகள் இரண்டிலும் ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் இடையிலான பிரபஞ்சப் போர் உண்டு. ஆண்டர்சனின் நாயகன் நாஜிகளை எதிர்த்துப் போராடும் டென்மார்க்காரன். ஆகவே அங்கே குழப்பத்துக்கு ஒரு வரலாற்று முகம் இருக்கிறது. மூர்காக்கிடமோ ஒழுங்கு முற்றினாலும் உலகம் செத்துப்போகும். இந்த இரண்டு நுணுக்கங்களும் கழன்று விழுந்து, 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது பட்டியல் மட்டும் மிஞ்சியது. படை அணிவகுப்பு பிரபஞ்ச இயலாகிவிட்டது.

அப்போதும்கூட மனிதன் மூன்று வரிசையிலும் இருந்தான். ஓர்க் நடுநிலை, குழப்பம் என இரண்டில் இருந்தது. பின்னால் நன்மை-தீமை என்ற இன்னொரு அச்சு குறுக்கே போடப்பட்டு, 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் மூணுக்கு மூணு ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றது. இதற்கு முந்தைய வருஷம் வந்த அரக்கர் கையேட்டில் ஓர்க்குக்கு ஒரே கட்டம்தான்: ஒழுங்குள்ள தீமை. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது ஓர்க் குழப்பமான தீமைக்கு இடம் மாறியது. அந்த இனத்துக்குள் எதுவும் நடக்கவில்லை. புரட்சியா, மதமாற்றமா, ஒன்றுமில்லை. பதிப்பாசிரியர்கள் மாற்றினார்கள். சாராம்சம் என்று எழுதப்பட்டது எடிட்டிங் மேசையில் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைக்குமா தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பதிப்புக்குள்ளும் அது சாராம்சமாகவே நடந்துகொள்கிறது. தெரிதா படித்துவிட்டு வந்தவர்கள் இதில் ரொம்ப சந்தோஷப்படலாம். குகைக்குள் இருக்கும் குட்டிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்தப் பழைய பதிப்பில் இன்னொரு விசித்திரம்: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ரகசிய மொழி உண்டு. ஒழுங்குள்ள நல்லவர்களுக்கு ஒன்று, குழப்பமான தீயவர்களுக்கு ஒன்று. கட்டம் மாறினால் பழைய மொழி மறந்துபோகும். ஆட்டக்காரர்களே இதைக் கேலி செய்து ஒதுக்கிவிட்டார்கள். எனக்கென்னவோ அந்த முழு அமைப்பிலேயே நேர்மையான விதி இதுதான் என்று படுகிறது. நன்மை என்பது ஒரு கூட்டத்தின் பேச்சு மொழி என்று தன்னை அறியாமல் அது ஒத்துக்கொண்டது.

சரி, விளையாட்டுதானே, இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்கலாம். 2005இல் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த கைகாக்ஸ், புனித வீரன் தீய இனத்தவரைக் கொல்வதில் தவறில்லை என்று வாதிடும்போது, ஈர் இருந்தால் பேன் வரும் என்ற பொருள்பட்ட ஒரு பழைய வாக்கைத் துணைக்கு அழைத்தார். கர்னல் ஜான் சிவிங்டனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாக்கு அது என்பதையும் அவரே குறிப்பிட்டார். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயன், அரபஹோ பழங்குடி மக்களின் முகாமுக்குள் புகுந்த சிவிங்டனின் படை கொன்றவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். மேசைமேல் உருட்டிய பகடை எந்த மண்ணில் போய் விழுந்தது பாருங்கள். கைகாக்ஸ் கொடியவர் என்று சொல்ல நான் வரவில்லை. எல்லைப்புறக் கோட்டை, அதற்கு வெளியே காடு, காட்டில் கொல்லத் தகுந்த இனம் என்ற அமைப்பு ஒரு குடியேற்ற நாட்டின் நினைவிலிருந்து வருகிறது. விளையாட்டின் மெய்ப்பொருளியல் அந்த நினைவிலிருந்து குற்ற உணர்வை மட்டும் வடிகட்டிக் கொடுக்கிறது. ஈர்தான் பேனாகும் என்று சொன்னவனோடு வாதிட முடிந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்துக் கண்டித்தது. ஒன்பது கட்டங்களோடு யார் வாதிடுவது?

கடவுள்களின் கதியும் இதேதான். 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற தொகுப்பு கிரேக்க, எகிப்திய, ஸ்காண்டிநேவியத் தெய்வங்களோடு இந்தியத் தெய்வங்களையும் வரிசைப்படுத்தியது. இந்திரன், விஷ்ணு, காளி, ஏன், கார்த்திகேயன்கூட உண்டு. ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி இத்தனை, கவசம் இத்தனை. நம்ம முருகனை எத்தனை அடியில் வீழ்த்தலாம் என்று கணக்குப் போடலாம். இதில் புண்பட வேண்டியதில்லை. தெய்வத்தை உணவு, விலங்கு, மரம், பறவை, பறையோடு ஒரே பட்டியலில் கருப்பொருளாக வைத்தது நமது தொல்காப்பியம். ஆனால் அங்கே தெய்வம் நிலத்துக்கு உரியது. அதன் மரமும் பறவையும் இல்லாமல் அதற்கு அர்த்தமில்லை. இந்தத் தொகுப்பிலோ எல்லாத் தெய்வங்களும் நிலத்திலிருந்து பிடுங்கப்பட்டு ஒரே அளவுகோலில் நிறுத்தப்படுகிறார்கள். ஒப்பிட முடிவதே அதன் சாதனை, அதுவே அதன் வன்முறை.

இந்த இடத்தில்தான் கிரெக் ஸ்டாஃபர்ட் முக்கியமாகிறார். 1966இல் விஸ்கான்சினில் கல்லூரி மாணவராக இருக்கும்போது அவர் எழுதத் தொடங்கிய உலகம் குளோரந்தா. கதைகளை யாரும் போடவில்லை. எனவே 1975இல் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி அந்த உலகத்தைப் பலகை விளையாட்டாக வெளியிட்டார். 1978இல் ஸ்டீவ் பெரினும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய ரூன்குவெஸ்ட் என்ற விதிநூல் அதற்குப் பாத்திரமேற்பு வடிவம் தந்தது. ஸ்டாஃபர்ட் தம் சொந்த வாழ்க்கையில் ஷாமனியச் சடங்குகளில் ஈடுபட்டவர். 2018இல் இறந்தார். புராணத்தை அலங்காரமாகப் பார்க்காதவர் என்பது அவர் உலகத்தில் தெரிகிறது.

குளோரந்தாவில் ஒன்பது கட்டம் கிடையாது. வழிபாட்டுக் குழுக்கள் உண்டு. எந்தத் தெய்வத்தை எந்தச் சடங்கால் வழிபடுகிறாயோ அதுவே உன் ஆற்றல், உன் கடமை, உன் பகை. 1979இல் வந்த 'கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்' இதை ஒரு வியாபாரியின் பயணக் குறிப்புகளோடு சேர்த்தே விளக்குகிறது. ஊர் ஊராகப் போகிறவன் கண்ணில் பட்ட மதங்கள். தெய்வ இயலை மேலிருந்து அறிவிக்காமல் கீழிருந்து, இனவரைவியல் மாதிரி எழுதியிருக்கிறார்கள். வடிவத்திலேயே ஒரு நிலைப்பாடு இருக்கிறது.

அந்த உலகத்தின் அடித்தளம் இது: காலம் பிறக்கும் முன்பு தேவகாலம். அங்கே தெய்வங்கள் செய்தவை எல்லாம் செய்து முடிந்தவை அல்ல. என்றென்றும் செய்யப்பட்டுக்கொண்டே இருப்பவை. அவர்களுடைய போரில் பிரபஞ்சமே உடைந்தது. மிஞ்சியவர்கள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். அதிலிருந்து காலம் பிறந்தது. விலை என்னவென்றால், தெய்வங்கள் இனிப் புதிதாக எதுவும் செய்ய முடியாது. ஆற்றல் அவர்களிடம், சுதந்திரம் மனிதர்களிடம். சர்வ வல்லமை உள்ளவரால் ஏன் ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற பழைய கேள்விக்கு நான் அறிந்தவரை ஒரு விளையாட்டு தந்த மிக அழகான பதில் இது. மனிதர்கள் சடங்கு வழியாகத் தேவகாலத்துக்குள் நுழைந்து தம் தெய்வத்தின் செயலை மீண்டும் நிகழ்த்தலாம். பிசகினால் மனிதனும் மாறுவான், புராணமும் மாறலாம்.

புயல் தெய்வம் ஓர்லாந்த் சூரியப் பேரரசன் யெல்மைக் கொன்றான் என்பது இவ்வுலகின் மையக் கதை. மலைநாட்டு மக்களுக்கு அது கொடுங்கோலனின் வீழ்ச்சி. பிறகு தன் தவறை உணர்ந்த ஓர்லாந்த் பாதாளத்துக்குப் போய் சூரியனை மீட்டுவந்ததுதான் உலகின் விடிவு. சமவெளியின் நகரத்து மக்களுக்கோ அது ராஜத்துரோகம், முறையான ஆட்சியைக் கலகக்காரன் கவிழ்த்தது. இரண்டில் எது உண்மை? விதிநூல் சொல்லாது. இரண்டு மக்களின் சடங்கும் பலிக்கும். இரண்டு பேருக்கும் சூரியன் உதிக்கும். புராணத்துக்கு மூலப்பிரதி கிடையாது, எல்லா வடிவங்களும் சேர்ந்ததே புராணம் என்று 1955இல் லெவி-ஸ்ட்ராஸ் சொன்னதை ஒரு விளையாட்டு இயற்பியலாகவே ஆக்கிவிட்டது.

அமைப்பியலைக் கொண்டாடும் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஸ்டாஃபர்ட் அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார். இரண்டாம் யுகத்தில் ஒரு கடல் பேரரசின் அறிஞர்கள், 'காட் லேர்னர்ஸ்' என்று பெயர், எல்லா மக்களின் புராணங்களையும் திரட்டி, ஒப்பிட்டு, பொது அமைப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். அமைப்பு ஒன்றென்றால் உறுப்புகளை இடம் மாற்றலாம் அல்லவா? இரண்டு நாடுகளின் தானியத் தெய்வங்களை மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள். முடிவு பேரழிவு. கடைசியில் அவர்கள் நிலத்தின் பெரும்பகுதி கடலுக்குள் போகிறது. ஒப்பாய்வு முறையைப் பற்றி நாம் நடத்திய கருத்தரங்குகள் எதிலும் இவ்வளவு கூர்மையான விமர்சனம் வந்ததாக நினைவில்லை. 1980இன் அந்தத் தெய்வத் தொகுப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதைத் தொகுத்தவர்களும் ஒருவகையில் காட் லேர்னர்கள்தாம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸும் சும்மா இருக்கவில்லை. 1994இல் வந்த பிளேன்ஸ்கேப் நம்பிக்கையே யதார்த்தத்தை உருவாக்குகிறது என்றது. ஓர் எல்லையூரின் மக்கள் எல்லோரும் பக்கத்து உலகத்தவரைப் போலவே நினைக்கத் தொடங்கினால் ஊரே அந்த உலகத்துக்குள் நழுவிப்போகும். பின்நவீனத்துவம் சூடாக இருந்த காலம். பலருக்கு இது விடுதலையாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. பெரும்பான்மை நம்புவதே பௌதிக உண்மையாகிவிடுகிற உலகத்தில் சிறுபான்மையின் கதி என்ன?

கீத் பேக்கரின் எபரான் (2004) வேறு வழியில் போனது. அங்கே கடவுள்கள் மண்ணுக்கு வருவதில்லை. இருக்கிறார்களா என்பதே யாருக்கும் நிச்சயமில்லை. பூசாரியின் ஒழுக்கம் தெய்வத்தின் ஒழுக்கத்தோடு பொருந்த வேண்டும் என்ற விதியும் எடுக்கப்பட்டது. விளைவைப் பாருங்கள்: வெள்ளிச் சுடர் என்ற திருச்சபை உண்மையிலேயே தீய சக்திகளிடமிருந்து மக்களைக் காக்கும் சபை. அதே சபைதான் ஓநாய்-மனிதர்களை ஒழிக்கப் புறப்பட்டுக் குற்றமற்றவர்களையும் கொன்று குவித்தது. சுடர் அணையவில்லை, மந்திரங்கள் தொடர்ந்து பலித்தன. கடவுள் சக்தி கொடுக்கிறார் என்பது அவர் சம்மதிக்கிறார் என்பதற்குச் சான்றல்ல என்று ஆன உடனே, கொன்றவன் தலைமேல் கொலை திரும்ப வந்து உட்காருகிறது. ஒரே ஒரு விதியை நீக்கியதற்கு இவ்வளவு பலன்.

ஓர் உலகத்தை வடிவமைக்கிறவர்கள் பெரும்பாலும் எதைச் சேர்ப்பது என்றே யோசிக்கிறார்கள்: எத்தனை கடவுள், எத்தனை நரகம், ஆன்மாவின் பயணம் எந்த வழி. அதைவிட, அந்த உலகத்து மனிதர்கள் எதைப் பற்றி நியாயமாகக் கருத்து வேறுபட முடியும் என்ற கேள்வி முக்கியம். விதி எதை நிச்சயமாக்குகிறதோ அதைப் பற்றிப் பாத்திரங்கள் பேசமாட்டார்கள். பேசாததில் நாடகம் இல்லை, பொறுப்பும் இல்லை. 2014 பதிப்பில் தீமையை அறியும் மந்திரம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, பிசாசு, தேவதூதர், நடைபிணம் போன்ற வகைகளை அறிவதாகச் சுருங்கியது. ஓர்க் அதில் அகப்படாது. 2024 கையேட்டில் ஆட்டக்காரர் ஓர்க்காகவே ஆடலாம். 2025இல் வந்த அரக்கர் கையேட்டில் ஓர்க் என்ற தலைப்பே இல்லை. நல்லதுதான். ஆனால் குகையிலிருந்து ஓர்க்கை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். குகை அப்படியே இருக்கிறது. அந்த இடத்துக்கு வேறு எந்த இனமும் வரலாம்.

குளோரந்தாவும் இதிலிருந்து தப்பவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் வக்கீலாகிவிடுவேன். அவ்வளவு பன்மைக்கு நடுவிலும் அங்கே குழப்பம் என்ற ஒன்று பிரபஞ்சத்துக்கு வெளியிலிருந்து வந்த அரிப்பாக, தூய தீமையாக இருக்கிறது. ஆட்டுத்தலை ப்ரூக்கள் அதன் பிள்ளைகள். புயல் காளை வழிபாட்டினருக்குக் குழப்பத்தை மோப்பம் பிடிக்கும் திறனும் உண்டு. பழைய 60 அடி, வேறு உடையில். செந்நிலாப் பேரரசு மட்டும் குழப்பமும் பிரபஞ்சத்தின் பகுதியே, அதையும் ஏற்க வேண்டும் என்று வாதிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே பேரரசுதான் தன் எதிரிகளை ஆன்மாவோடு சேர்த்து ஒரு மாபெரும் வௌவாலுக்கு இரையாகக் கொடுக்கிறது. எல்லோரையும் அணைத்துக்கொள்கிறேன் என்பவன் கையில் சாம்ராஜ்யம் இருந்தால் அந்த அணைப்பு எப்படியிருக்கும் என்று ஸ்டாஃபர்டுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் ஒரு வித்தியாசம். அந்த மோப்பம் ரூன்குவெஸ்டில் நூற்றுக்கு இத்தனை என்று அளக்கப்படும் திறன், தவறலாம். அதே குழுவில் எந்த உயிருக்கும் தீங்கு செய்வதில்லை என்று விரதம் பூண்ட சலானா அராய் மருத்துவச்சி ஒருத்தியும் இருக்கலாம். இப்போது குகையின் கடைசி அறை. உள்ளே குட்டிகள். காளை வழிபாட்டுக்காரன் மூக்கை உறிஞ்சி 'நாறுது' என்கிறான். மருத்துவச்சி வாசலை மறித்து நிற்கிறாள். அவள் தெய்வமும் அவன் தெய்வமும் ஒரே அளவு உண்மை. மேசையில் ஐந்தாமவர் வாயைத் திறக்கவில்லை, பகடை இன்னும் உருளவில்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.